ஓர் இரவுக்கான கஷாயம், இருபதாண்டு நோய்

2013-ஆம் ஆண்டு காக்ரேன் அமைப்பு, கொழுப்புக் கல்லீரலுக்கு மூலிகை மருந்து கொடுத்துப் பார்த்த ஆய்வுகளை ஒன்றுதிரட்டி ஓர் அறிக்கை வெளியிட்டது. 77 ஆய்வுகள், 6753 நோயாளிகள். பெரும்பகுதி சீனாவில் நடந்தவை. ஒரு மருந்தைப் பற்றி முடிவுக்கு வர இந்த எண்ணிக்கை தாராளமாகப் போதும். ஆனால் சோதிக்கப்பட்டது ஒரு மருந்தல்ல, 75 மருந்துகள். ஏறக்குறைய ஆய்வுக்கொன்று. ஒருவர் கண்டதை இன்னொருவர் மறுபடி செய்து பார்த்ததே அபூர்வம். கல்லீரல் நோயால் எத்தனை பேர் இறந்தார்கள், எத்தனை பேருக்கு நோய் முற்றியது என்ற கேள்விகளுக்கு எந்த ஆய்விலும் பதில் இல்லை. அறிக்கையை எழுதிய குழுவில் பெய்ஜிங் சீன மருத்துவப் பல்கலைக்கழகத்தின் லியூ ஜியான்பிங் இருந்தார். சீன மருத்துவத்தின் மேல் காழ்ப்புக் கொண்டவர்களின் வேலை என்று அதை ஒதுக்கிவிட முடியாது.

இந்த 75-ஐ ஒழுங்கீனம் என்று சொல்லிவிடலாம். எனக்கு அது அந்த மருத்துவ முறையின் இயல்பாகவே படுகிறது. சீன மருத்துவர் நோயின் பெயருக்கு மருந்து எழுதுவதில்லை. நோயாளியின் அன்றைய நிலைக்கு எழுதுகிறார். ஸ்கேனில் ஒரே அளவு கொழுப்பு தெரிகிற நால்வர் நான்கு சீட்டுகளுடன் வெளியே வரலாம். வயிறு உப்புசம், இளகிய மலம், எந்நேரமும் அசதி என்றால் மண்ணீரல் சோர்ந்து உடலில் சளியும் ஈரமும் தேங்கியிருக்கின்றன. வாய்க் கசப்பும் நாக்கில் மஞ்சள் பிசுக்குப் படிவும் இருந்தால் அந்த ஈரத்தோடு சூடும் சேர்ந்திருக்கிறது. விலாவில் வலி, அடக்கிய கோபம், பெருமூச்சு என்றால் கல்லீரலின் ஓட்டம் அடைபட்டிருக்கிறது. நாக்கு கருநீலமாகிவிட்டால் இரத்தமும் தேங்கத் தொடங்கிவிட்டது. இங்கே கல்லீரல் என்பது அறுவை மருத்துவர் கையில் எடுக்கும் உறுப்பு மட்டுமல்ல; உடலின் ஓட்டங்களையும் கோபத்தையும் ஆளும் ஒரு செயல்பாடு. உண்டதை மாற்றிக் கடத்தும் வேலையை மண்ணீரல் பார்க்கிறது. ஆகவே கொழுப்புக் கல்லீரலுக்கான சீன மருந்துச் சீட்டில் பாதி மண்ணீரலுக்குத்தான் இருக்கும். வாத பித்த கபக் கணக்கோடு வளர்ந்த நமக்கு இந்தச் சிந்தனை அந்நியமாகத் தோன்றாது.

இதில் ஒரு கூர்மையும் இருக்கிறது. கொழுப்புக் கல்லீரலைக் கல்லீரலோடு நின்றுவிடும் கோளாறாகப் பார்க்கக் கூடாது, உணவும் குடலும் தசையும் சேர்ந்த மொத்த வளர்சிதை மாற்றக் கோளாறாகப் பார்க்க வேண்டும் என்று ஆங்கில மருத்துவம் ஒப்புக்கொள்ள வெகுகாலம் பிடித்தது. மது அருந்தாதவர்களின் கல்லீரலிலும் குடிகாரர்களுடையதைப் போலவே கொழுப்பும் அழற்சியும் இருப்பதை அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த யூர்கன் லுட்விக் 1980-இல் எழுதினார். அதற்குப் பிறகும் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக 'மது சாராத' என்ற எதிர்மறைப் பெயரே நிலைத்தது. 2023-இல்தான் பன்னாட்டு மருத்துவச் சங்கங்கள் கூடிப் பெயரை மாற்றி, வளர்சிதை மாற்றக் கோளாற்றைப் பெயருக்குள்ளேயே வைத்தன. உலகில் வயது வந்தோரில் பத்தில் மூன்று பேரிடம் இந்த நோய் இருப்பதாக இன்றைய மதிப்பீடுகள் சொல்கின்றன. சீனாவின் விகிதமும் கிட்டத்தட்ட அதுவே; அதாவது கோடிக்கணக்கில் ஆட்கள். அங்கே கஷாயம் தேடிப் போகிறவர்கள் மூடநம்பிக்கையால் போகிறார்கள் என்பது அவசர முடிவு. 2024 மார்ச்சில் அமெரிக்காவில் ரெஸ்மெடிரோம் அனுமதி பெறும்வரை, இந்நோய்க்கென்றே அங்கீகரிக்கப்பட்ட மாத்திரை ஒன்றுகூட மேலை நாடுகளில் இல்லை. மருத்துவர் சொன்னதெல்லாம் எடையைக் குறை, நட, இனிப்பை விடு. அந்த அறிவுரை சரியானது. ஆனால் வெறும் அறிவுரையை வாங்கிக்கொண்டு திரும்புகிற நோயாளி, கையில் மருந்து தருகிற இடத்தைத் தேடுவார்.

கோட்பாட்டைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது காலம் பற்றிய சிக்கல். கொழுப்புக் கல்லீரல் அவசரப்படாத நோய். கல்லீரல் உயிரணுக்களில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் கொழுப்பு ஏறினால் நோய் என்கிறார்கள். ஆனால் கொழுப்பு மட்டும் ஆளைக் கொல்வதில்லை. அழற்சி கண்டு, அந்தப் புண் ஆறிய இடத்தில் நார்த்திசு தழும்பாகப் படிந்து, தழும்பு வலையாகி, கடைசியில் கல்லீரல் இறுகிச் சுருங்கும் சிரோசிஸ் வரைக்கும் போகிறது. யார் பிழைப்பார், யார் மாட்டார் என்பதை மற்ற எல்லாவற்றையும்விடத் தெளிவாகக் காட்டுவது இந்தத் தழும்பின் அளவுதான். தழும்பு நான்கு படிகளாக அளக்கப்படுகிறது. திரும்பத் திரும்பத் திசு எடுத்துப் பார்த்த ஆய்வுகளின் 2015-ஆம் ஆண்டுத் தொகுப்பின்படி, வெறும் கொழுப்பு நிலையில் உள்ளவருக்கு ஒரு படி ஏறச் சராசரியாக 14 ஆண்டுகள். அழற்சி சேர்ந்தவருக்கு 7 ஆண்டுகள். இந்த நோயை உண்மையில் தடுக்கும் மருந்து எதுவானாலும் ஆண்டுக்கணக்கில் சாப்பிட வேண்டியது. ஆண்டுக்கணக்கில் தீங்கு செய்யாமல் இருக்க வேண்டியது.

இப்போது மருந்தின் பக்கம் வருவோம். கல்லீரல் நோய்களுக்குச் சீனர்கள் இன்றும் எழுதும் புகழ்பெற்ற கஷாயங்களின் வேர் ஷாங்ஹான் லுன் என்ற நூலில் இருக்கிறது. கிழக்கு ஹான் ஆட்சியின் இறுதியில், ஏறத்தாழ கி.பி. 200-ஐ ஒட்டி, ஜாங் ஜோங்ஜிங் எழுதியது. அதன் முன்னுரையில் எழுதியதன் காரணம் இருக்கிறது: அவருடைய குலத்தில் இருநூறு பேருக்கு மேல் இருந்தார்கள், பத்தாண்டுகளுக்குள் மூன்றில் இரண்டு பங்கினர் மாண்டார்கள், மாண்டவர்களில் பத்தில் எழுவரைக் கொண்டுபோனது காய்ச்சல். கொள்ளைக் காய்ச்சலின் நடுவே எழுதப்பட்ட நூல் அது. இன்றைக்கு நோயாளி எந்தக் கட்டத்தில் இருக்கிறான், நாளைக்கு எங்கே போவான் என்று நாட்கணக்கில் பேசுகிற நூல்.

அதிலுள்ள யின்சென்ஹாவ் கஷாயத்தில் மூன்றே சரக்குகள்: மாசிப்பத்திரி இனத்தைச் சேர்ந்த யின்சென், கார்டீனியாப் பழம், நம் நாட்டு மருந்துக் கடைகளில் ரேவல்சின்னி என்ற பெயரில் கிடைக்கும் கிழங்கு. உடலெங்கும் மஞ்சள் பூத்து, வயிறு கனத்து, சிறுநீர் பிரியாமல் கிடக்கும் காமாலைக்காரனுக்கு உரியது. கொடுத்தால் ஒரே இரவில் வயிறு தணியும், மஞ்சள் சிறுநீர் வழியே இறங்கும் என்று நூல் எதிர்பார்க்கிறது. ரேவல்சின்னி பேதி மருந்து. கார்டீனியா பித்தத்தை இறக்கும் என்று பெயர்பெற்றது. வேலை முடிந்ததும் நிறுத்த வேண்டிய சேர்க்கை என்பது பார்த்தாலே தெரிகிறது. இதே கஷாயமும் இதன் வழித்தோன்றல்களும்தான் இன்று கொழுப்புக் கல்லீரலுக்கு மூன்று மாதம், ஆறு மாதம், அதற்கும் மேலே என்று கொடுக்கப்படுகின்றன. ஷாங்காயின் ஷுகுவாங் மருத்துவமனையில் ஹூ யியாங் குழுவினர் வகுத்து வெகுவாக ஆராய்ந்த சூஷி ஹுவாயூ கஷாயத்தின் ஐந்து சரக்குகளில் யின்சென், கார்டீனியா இரண்டும் இருக்கின்றன; கூடவே நம் மஞ்சளும் இருக்கிறது.

நாட்கணக்கு மருந்து ஆண்டுக்கணக்கு மருந்தானால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பானில் ஒரு பெரிய பாடம் நடந்தது. அதே ஷாங்ஹான் லுன் நூலின் சியாவ் சாய்ஹூ கஷாயம் ஜப்பானில் ஷோ-சைகோ-தோ என்ற பெயரில் வழங்குகிறது. சாய்ஹூ வேர், இஞ்சி, ஜின்செங், இலந்தை, அதிமதுரம் உள்ளிட்ட ஏழு சரக்குகள். குளிரும் சூடும் மாறிமாறி வரும் காய்ச்சலுக்கும், குமட்டலுக்கும், விலாக் கனத்துக்கும் சொல்லப்பட்டது. ஜப்பானிய மருத்துவர்கள் அதை நாள்பட்ட ஹெபடைடிஸ் நோயாளிகளுக்குத் தொடர்ந்து எழுதினார்கள். அரசுக் காப்பீடும் செலவை ஏற்றது. 1995-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, சிரோசிஸ் நோயாளிகள் 260 பேரை ஐந்தாண்டுகள் பின்தொடர்ந்து, கஷாயம் எடுத்தவர்களிடம் கல்லீரல் புற்றுநோய் குறைவாகத் தோன்றியதாகக் காட்டியது. மொத்தக் கணக்கில் வித்தியாசம் புள்ளியியல் எல்லையைச் சற்றே எட்டாமல் நின்றது. ஆனாலும் ஒரு மூலிகைக் கலவையை ஐந்தாண்டு விடாமல் பின்தொடர்ந்த பொறுமைக்காகவே அந்த ஆய்வை மதிக்க வேண்டும். அடுத்த ஆண்டு, 1996 மார்ச்சில், ஜப்பான் சுகாதார அமைச்சகம் அவசர எச்சரிக்கை விட்டது. 1994 தொடக்கத்திலிருந்து அந்த மருந்தை எடுத்தவர்களில் 88 பேருக்கு நுரையீரல் திசு அழற்சி கண்டிருந்தது. 10 பேர் இறந்திருந்தார்கள். ஹெபடைடிஸுக்கான இன்டர்ஃபெரான் ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கும், சிரோசிஸ் நோயாளிகளுக்கும் அது விலக்கப்பட்டது. கஷாயம் பழையது, அதைக் குடித்த உடல்கள் வேறு, காலம் வேறு, கூடப் போன ஊசி வேறு. இரண்டாயிரம் ஆண்டு அனுபவம் என்ற பெருமையில் இந்தப் பயன்பாட்டின் அனுபவம் அடங்கியிருக்கவில்லை.

கொழுப்புக் கல்லீரல் ஆய்வுகளுக்கு வந்தால், இன்னொரு தொல்லை குறுக்கிடுகிறது: எதை அளப்பது? ரத்தப் பரிசோதனைத் தாளில் எஸ்ஜிபிடி என்று அச்சாகும் கல்லீரல் நொதியின் எண் குறைந்தால் நோயாளிக்கு மகிழ்ச்சி, மருத்துவருக்கும் மகிழ்ச்சி. சீனாவிலேயே இதற்கு எச்சரிக்கை தரும் ஒரு கதை உண்டு. வூவெய்ஸி என்ற சிறுபழம் ஹெபடைடிஸ் நோயாளிகளின் எஸ்ஜிபிடியை இறக்குவதைக் கண்டு, சீன மருத்துவ அறிவியல் கழகத்தைச் சேர்ந்த லியூ கெங்டாவ் உள்ளிட்டோர் அதன் வேதிப்பொருளைப் பின்பற்றி பைஃபென்டேட் என்ற செயற்கை மருந்தை உருவாக்கினார்கள். எண் விரைவாக இறங்கியது. மருந்தை நிறுத்தியதும் பலருக்குத் திரும்ப ஏறியது. எண் இறங்கிய வேகத்தில் கல்லீரல் திசு சீரடையவில்லை. அந்த வரிசையில் பின்னால் வந்த பைசைக்ளால் மேலானது என்று கருதப்படுகிறது. சீனாவில் இன்றும் விற்பனையில் இருக்கிறது. எஸ்ஜிபிடி புகை எச்சரிக்கை மணி மாதிரி. அதன் வாயை மூடினாலும் சத்தம் நின்றுவிடும். காக்ரேன் தொகுத்த ஆய்வுகளில் பெரும்பாலானவை அளந்தது இந்த எண்ணையும் ஸ்கேன் படத்தையும்தான். ஸ்கேனில் கொழுப்பு குறைந்ததா என்பது பார்ப்பவர் கண்ணைப் பொறுத்தது; யார் கஷாயம் குடித்தார் என்பது தெரிந்திருந்தால் அந்தக் கண் இன்னும் தாராளமாகும்.

அதைவிடக் கடினமான சோதனையை நடத்தியவர்கள் ஹாங்காங்கில் இருந்தார்கள். மூலிகையும் நமக்குத் தெரிந்த வீட்டுப் பிள்ளை. கீழாநெல்லியின் உடன்பிறப்பான ஃபில்லாந்தஸ் யூரினேரியாவைச் சீனர்களும் கல்லீரலுக்குப் பயன்படுத்துகிறார்கள். ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகத்தின் வின்சென்ட் வோங் குழுவினர், பயாப்சியில் அழற்சி உறுதியான 60 பேரைத் தேர்ந்தெடுத்து, 40 பேருக்கு அந்த மூலிகையும் 20 பேருக்கு மருந்துப்போலியும் 24 வாரங்கள் கொடுத்தார்கள். முடிவில் மறுபடி ஊசி செலுத்தித் திசு எடுத்தார்கள். நோயின் தீவிரத்தை அளக்கும் மதிப்பெண்ணில் இரு தரப்புக்கும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. 2013-இல் முடிவை அப்படியே வெளியிட்டார்கள். இது சிறிய ஆய்வு, 24 வாரம் குறைவு என்றெல்லாம் சொல்லலாம், நானும் சொல்வேன். ஆனால் 77 ஆய்வுகளின் குவியலைவிட இந்த 60 பேர் எனக்கு அதிகம் கற்றுத்தருகிறார்கள்.

கீழாநெல்லி இனத்துக்கு இது முதல் ஏமாற்றமும் அல்ல. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ். பி. தியாகராஜன் குழுவினர், ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற பரூக் புளூம்பெர்க்குடன் இணைந்து, 1988-இல் லான்செட் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கிருமி உடலில் நிலைத்துவிட்டவர்களில் 30 நாள் கீழாநெல்லி எடுத்த 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது. மருந்துப்போலி எடுத்த 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. தாய்லாந்து முதலான இடங்களில் மறுபடி செய்து பார்த்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. செடி வேறு வகையா, மண் வேறா, பறித்த பருவம் வேறா என்ற விவாதம் அப்போது ஓடியது. மூலிகை ஆய்வில் அந்த விவாதம் நியாயமானதே. ஆனால் ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் அதே விவாதம் எழுமானால் எந்த முடிவையும் எப்போதும் எட்ட முடியாது.

சீனாவில் ஆய்வின் தரம் அப்படியே நின்றுவிடவில்லை. ஜாங் ஜோங்ஜிங்கின் இன்னொரு சேர்க்கையான லிங்குய் ஜுகான், பைன் மர வேரில் வளரும் ஃபூலிங் என்ற காளான், கருவா இனத்து இளங்கிளை, பைஜு கிழங்கு, அதிமதுரம் என நான்கே சரக்குகள் கொண்டது. உடல் பருத்த கொழுப்புக் கல்லீரல் நோயாளிகள் 240 பேருக்கு மேற்பட்டவர்களை மூன்றாகப் பிரித்து, முழு அளவு, குறைந்த அளவு, மருந்துப்போலி என்று 12 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். முழு அளவு எடுத்தவர்களில் இன்சுலின் எதிர்ப்பு குறைந்தவர்களின் பங்கு கூடுதலாக இருந்தது. முறையான ஆய்வு, மகிழ்ச்சியான முடிவு. ஆனால் 12 வாரம். அளந்தது கல்லீரலின் தழும்பையும் அல்ல.

கஷாயத்துக்கு மருந்துப்போலி செய்வது எவ்வளவு சிரமம் என்பதையும் சொல்ல வேண்டும். மாத்திரைக்கு மாவுருண்டை போதும். கஷாயத்துக்கு நிறம், நாற்றம், கசப்பு மூன்றும் ஒத்துப்போக வேண்டும். சீனர்கள் பெரும்பாலும் அசல் மருந்தையே பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோ கலந்து, நிறமியும் கசப்பூட்டியும் சேர்த்துத் தயாரிக்கிறார்கள். சீன நோயாளிக்குச் சிறுவயது முதல் கஷாயத்தின் நாற்றம் தெரியும், ஏமாற்றுவது எளிதல்ல.

இத்தனை மூலிகைகளில் எனக்கு நம்பிக்கை தருவது ஒன்றுதான், அதுவும் கஷாயமாக அல்ல. ஹுவாங்லியன் என்ற மஞ்சள் வேரிலிருந்து எடுக்கும் பெர்பெரின். நம் ஊர் மரமஞ்சளிலும் இதே பொருள்தான் மஞ்சள் நிறத்தைத் தருகிறது. சீனாவில் பல பத்தாண்டுகளாக வயிற்றுப்போக்கு மாத்திரையாகச் சில்லறை விலைக்கு விற்றது. வயிற்றுப்போக்குக்காக எடுத்த நீரிழிவு நோயாளிகளின் ரத்தச் சர்க்கரை இறங்கியதைக் கவனித்த மருத்துவர்களால் அதன் இரண்டாம் வாழ்க்கை தொடங்கியது. கெட்ட கொழுப்பைக் கல்லீரல் உறிஞ்சிக்கொள்ளும் வாயில்களை அது பெருக்குகிறது, அதுவும் ஸ்டாட்டின் மாத்திரைகளின் வழியில் அல்லாமல் வேறு வழியில், என்று ஜியாங் ஜியான்டோங் குழுவினர் 2004-இல் நேச்சர் மெடிசின் இதழில் காட்டினார்கள். 2015-இல் ஷாங்காயின் ஃபூடான் பல்கலைக்கழக ஜோங்ஷான் மருத்துவமனை வெளியிட்ட ஆய்வில் 184 நோயாளிகள். எல்லோருக்கும் உணவு, நடை அறிவுரை. ஒரு பிரிவினருக்குக் கூடவே 0.5 கிராம் பெர்பெரின் நாளுக்கு மூன்று வேளை, 16 வாரம். கல்லீரல் கொழுப்பை எம்ஆர் முறையில் அளந்தார்கள். பார்ப்பவர் கண்ணை நம்ப வேண்டியதில்லை. பெர்பெரின் எடுத்தவர்களிடம் கொழுப்பு 52.7 சதவீதம் குறைந்தது.

அறிவுரை மட்டும் பெற்றவர்களிடம் எவ்வளவு குறைந்தது என்பதையும் பார்க்க வேண்டும்: 36.4 சதவீதம். மருந்தில்லாமல், சொன்னதைக் கேட்டதால் மட்டும். வேர் சேர்த்துக் கொடுத்தது எஞ்சிய 16 புள்ளிகள். ஒப்பீட்டுப் பிரிவே இல்லாமல் பெர்பெரின் ஆய்வு நடந்திருந்தால் செய்தித்தாள்கள் 'பாதிக் கொழுப்பைக் கரைத்த சீன வேர்' என்று எழுதியிருக்கும். சீனாவின் பழைய ஆய்வுகளில் பல ஏறத்தாழ அப்படித்தான் எழுதப்பட்டன.

பெர்பெரின் வாய்வழி போனால் ரத்தத்தில் சேர்வது நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. பெரும்பகுதி குடலில் தங்கி அங்குள்ள நுண்ணுயிர்களோடு வினைபுரிகிறது. அதனால்தான் அது வேலை செய்கிறதோ என்றும் சிலர் கருதுகிறார்கள். இந்தக் குறையைச் சரிசெய்யப் பெர்பெரினைப் பித்த அமிலமான உர்சோடியாக்ஸிகோலிக் அமிலத்தோடு பிணைத்து ஒரே உப்பாக்கியிருக்கிறார்கள். நீரிழிவும் கொழுப்புக் கல்லீரல் அழற்சியும் உள்ள 100 பேரிடம் 18 வாரம் நடந்த சோதனையில், கல்லீரலின் கொழுப்புப் பங்கு உயர் அளவு மருந்தால் 4.8 புள்ளிகள் இறங்கியது. மருந்துப்போலியால் 2 புள்ளிகள். 2021-இல் முடிவு வெளியானது. இந்த நிலையில் அது மூலிகையா, புதிய மருந்தா? நோயாளிக்கு அந்தக் கேள்வியே முக்கியமல்ல.

பெர்பெரினும் தீங்கற்றதல்ல. பச்சிளம் குழந்தைகளின் காமாலையை முற்றவைத்து மூளையைப் பாதிக்கலாம் என்ற அச்சத்தால் சிங்கப்பூர் அரசு 1978-இல் அதைத் தடைசெய்தது. பல பத்தாண்டுகளுக்குப் பிறகு, 2013-இல், ஹுவாங்லியன் வேருக்கு விதிகளோடு தளர்த்தியது.

மூலிகைகளால் கல்லீரலுக்கு வரும் கேட்டைப் பற்றிச் சீனர்களே மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள் என்பதை இங்குள்ள மூலிகை ஆர்வலர்கள் அவசியம் அறிய வேண்டும். 2012 முதல் 2014 வரை சீனாவின் 308 மருத்துவமனைகளில் மருந்துகளால் கல்லீரல் கெட்டு அனுமதிக்கப்பட்ட 25,927 பேரின் பதிவேடுகளை ஆராய்ந்து 2019-இல் வெளியிட்டார்கள். குற்றவாளிகளின் வரிசையில் முதலிடம் பாரம்பரிய மருந்துகளுக்கும் மூலிகைச் சத்துப்பொருள்களுக்கும்: 26.81 சதவீதம். காசநோய் மருந்துகள் 21.99 சதவீதத்தோடு இரண்டாமிடம். கோடிக்கணக்கானோர் மூலிகை எடுக்கும் நாட்டில் விகிதம் அதிகமாகத்தான் இருக்கும் என்பது உண்மை. ஆனாலும் கல்லீரலைக் காப்பதாகச் சொல்லப்படும் மருத்துவமே அங்கே கல்லீரல் கேட்டின் முதற்காரணமாகப் பதிவாகியிருக்கிறது.

அதிலும் ஹே ஷோ வூ என்ற கிழங்கு தனிக்கதை. நரைத்த முடியைக் கருக்கவைக்கும் காயகல்பம் என்று பெயர். கறுப்பு அவரைச் சாற்றில் பலமுறை அவித்துப் பதப்படுத்துவார்கள். ரத்தக் கொழுப்பைக் குறைக்கும் பல சீனக் கலவைகளில் இது உண்டு. கொழுப்புக் கல்லீரல் சீட்டுகளிலும் எழுதப்பட்டது. இதைச் சாப்பிட்ட சிலருக்குக் கடும் கல்லீரல் அழற்சி வந்துகொண்டே இருந்தது. 2019-இல் அதன் மர்மம் பாதி அவிழ்ந்தது: பாதிக்கப்பட்டவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேரிடம் எச்எல்ஏ-பி*35:01 என்ற மரபணு வகை இருந்தது, பொதுச் சீன மக்களிடம் அது நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவு. ஆயிரம் ஆண்டுகள் சாப்பிட்டும் இது தெரியாமல் போனதற்குக் காரணம் எளிது. நூறில் தொண்ணூற்றேழு பேருக்கு எதுவும் ஆகாத மருந்தில் எஞ்சிய சிலருக்கு வரும் காமாலையை வேறு எதன் தலையிலாவது போட்டுவிடலாம். பரம்பரை அனுபவம் அதை எண்ணி வைத்திருக்காது. கோவிட் காலத்தில் இந்தியாவில் சீந்தில் கொடியைத் தினமும் குடித்த சிலருக்குக் கல்லீரல் அழற்சி வந்ததை மருத்துவர்கள் பதிவுசெய்தபோது எழுந்த கோபமும் இதே அனுபவத்தின் பெயரால்தான் எழுந்தது.

யின்சென்ஹாவ் கஷாயத்தின் கார்டீனியாவுக்கும் இப்போது ஒரு குற்றப்பத்திரிகை உண்டு. அந்தப் பழத்தைப் பல ஆண்டுகள் தொடர்ந்து எடுத்தவர்களின் பெருங்குடல் சிரைகள் தடித்துச் சுண்ணாம்பேறும் ஓர் அரிய நோயை ஜப்பானிலும் தைவானிலும் கண்டார்கள். 12 வார ஆய்வில் இது ஒருநாளும் தென்பட்டிருக்காது. ஓர் இரவில் வேலை முடிக்கும் மருந்தாக இருந்தவரையில் கார்டீனியாமேல் யாருக்கும் புகார் இல்லை.

சீன அரசு கையாளும் விதம் கலவையானது. 2017 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சீன மருத்துவச் சட்டம், பட்டியலில் சேர்ந்த பழம்பெரும் கஷாயங்களை மருத்துவமனைச் சோதனை இல்லாமலேயே தயாரித்து விற்க இடமளித்தது. 2018-இல் முதற்பட்டியலாக 100 சேர்க்கைகள் அறிவிக்கப்பட்டன. பழமையையே சான்றாக ஏற்கிற ஏற்பாடு இது. நியாயமா என்றால், பழைய பயன்பாட்டுக்கு மட்டும் என்றால் ஓரளவு நியாயம். அந்தச் சலுகையில் வரும் மருந்தின் பயன், பழைய நூல் சொன்னதோடு பெரும்பாலும் ஒத்திருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. ஜாங் ஜோங்ஜிங் அறியாத நோயின் பெயரை அந்தப் பெட்டியில் அச்சிட முடியாது. கொழுப்புக் கல்லீரல் என்று அச்சிட்டு விற்கும் ஹுவாஜி ரோகான் போன்ற துகள்கள் வேறு வாயில் வழியே அனுமதி பெற்றவை. ஹுவாஜி ரோகானின் பதினாறு சரக்குகளில் நம் கரிசலாங்கண்ணியும் ஒன்று.

எட்ட வேண்டிய உயரமும் இப்போது கூடிவிட்டது. ரெஸ்மெடிரோம் 966 பேரிடம் சோதிக்கப்பட்டு, 52 வாரம் கழித்துத் திசு எடுக்கப்பட்டது. அழற்சி நீங்கியவர்கள், மருந்தின் உயர் அளவில் 29.9 சதவீதம்; மருந்துப்போலியில் 9.7. தழும்பு ஒரு படி இறங்கியவர்கள் 25.9-க்கு 14.2. அதற்குக் கிடைத்தது நிபந்தனை அனுமதிதான். அதே சோதனை 54 மாதங்கள்வரை தொடர வேண்டும். எடை குறைக்கும் செமாக்ளூடைட் ஊசியின் சோதனையில் 72 வாரத்தில் அழற்சி நீங்கியவர்கள் 62.9 சதவீதம், மருந்துப்போலி எடுத்தவர்களிலும் 34.3 சதவீதம். மருந்துப்போலிப் பிரிவிலேயே மூன்றில் ஒருவர் தேறுகிற நோயில், ஒப்பீடு இல்லாமல் கஷாயம் குடித்துத் தேறியவரின் சாட்சியத்தை என்ன செய்வது?

இந்த இரு மருந்துகளும் விலை மிகுந்தவையாகவே வந்தன. சீன மாவட்ட மருத்துவமனை நோயாளிக்கும் நம்மூர் நோயாளிக்கும் உடனே எட்டக் கூடியவையாக இருக்கவில்லை. எட்டக் கூடிய ஒன்றின் கணக்கு கியூபாவிலிருந்து வந்திருக்கிறது. அங்கே 293 நோயாளிகளை ஓராண்டு உணவு, நடை ஒழுங்கில் வைத்து முன்னும் பின்னும் பயாப்சி எடுத்த ஆய்வு 2015-இல் வெளியானது. உடல் எடையில் பத்து சதவீதமோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் 90 சதவீதத்தினருக்கு அழற்சி நீங்கியது. 45 சதவீதத்தினருக்குத் தழும்பு பின்வாங்கியது. அந்த அளவுக்கு எடையிழந்தவர்கள் மொத்தத்தில் பத்தில் ஒருவரே. மற்ற ஒன்பது பேருக்கு ஏதாவது மருந்து வேண்டும். சீனக் கஷாயங்களில் ஒன்று அந்த இடத்தை நிரப்பக் கூடும். அதற்கு 75 கஷாயங்களை 77 முறை சோதிப்பதைவிட, ஒரே கஷாயத்தை மருந்துப்போலியோடு இரண்டு ஆண்டுகள் கொடுத்து, முன்னும் பின்னும் திசு எடுத்து, நுரையீரலையும் குடலையும் கூடவே கவனித்து வரும் ஒரு சோதனை போதும்.